டிக்கிக் கதவைப் பிடித்தவள்

மட்டாஞ்சேரி ஒர்க் ஷாப்பில் அப்பாவின் பழைய நீளக் காரின் டிக்கியைத் திறந்ததும் சுக்கு வாசனை வந்தது. கதவைத் தாங்கும் தண்டுகள் என் சிறுவயதிலேயே தளர்ந்துவிட்டன. அப்பா குனிந்து சுக்கு மூட்டைகளை எடுக்கும்போது, கதவு தலையில் விழாமல் அம்மாதான் பிடித்துக்கொள்வாள். வாய் திறக்காத அப்பாவிடம் பதில் வாங்க அவளுக்கு அதுதான் நேரம்.

“திருப்பூணித்துறைக்கு அக்கா வீட்டுக்கு என்னிக்குக் கூட்டிட்டுப் போவீங்க? தலை உள்ள இருக்கும்போதே சொல்லிடுங்க.”

“ஞாயித்துக்கிழமை. கையை விட்டுடாதே, தாயே.”

புதுத் தண்டு வாங்க அவள் விட்டதே இல்லை.

இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு நான் ஒரு கம்பை முட்டுக்கொடுத்துச் சமாளித்தேன். நேற்று அதுவும் முறிந்தது.

மெக்கானிக் புதுத் தண்டுகளைப் பொருத்தினார். கதவு தானாக நின்றது.

“இனி ஆரும் பிடிக்க வேண்டா, சேட்டா.”

அவர் கை கழுவப் போனதும், டிக்கிக்குள் தலையை நுழைத்துக் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.