சாமான் அறைக்கு ஜன்னல் வைத்தவர்

கல்முனைக்குடியில் ஒரு வீட்டின் படிக்கட்டை அளந்துகொண்டிருந்த காலைப்பொழுதில் ஹனீபா காக்காவின் மகள் ரிஸ்வானா போனில் அழைத்தார். "மாமி, வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்றார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மேசன் அளவைக் கேட்டார். கையில் டேப் இருந்தது, ஆனால் இலக்கம் எதுவும் கண்ணில் படவில்லை. இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிட்ட, மறைந்த ஹனீபா அவர்களும் நானும் கல்முனைப் பிரதான வீதியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், வீட்டுப் பிளான் கீறும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தினோம். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டும் வேலைகளில் சந்தித்துக் கூட்டுச் சேர்ந்தவர்கள். மருதமுனையைச் சேர்ந்த, கல்யாணம் முடிக்காத ஒருத்தி அந்நிய ஆணோடு அலுவலகம் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் கதவை ஒருநாளும் சாத்தியதில்லை. வீதிப் புழுதி முழுவதும் எங்கள் பிளான்களில்தான் வந்து குந்தியது.

மண்டபம், மாளிகை எதையும் நாங்கள் கீறியதில்லை. வீடுகள் மட்டும்தான். அதிலும் பாதி, பழைய வீட்டை உடைத்து நீட்டுகிற வேலை. காக்காவுக்குப் பிடிக்காதவை பல. முன்சுவர் முழுக்கக் கண்ணாடி கேட்டு வருபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கண்ணாடியும் போட்டு, பொறகு அதுக்குச் சீலையும் போடுற எண்டா, செவரே வெச்சிரலாமே" என்பார். கொங்கிரீட் மொட்டைமாடி கேட்பவர்களிடம், "இதுக்குள்ள ரொட்டி சுடப் போறீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். வந்த ஆளைச் சமாளித்து உட்கார வைப்பது என் வேலை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் பின்னுக்குப் போவார்கள். முஸ்லிம் ஊரானாலும் தமிழ் ஊரானாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. எங்களிடம் வந்த வேலைகளில் அநேகமானவை ஒரு பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சுவார்த்தை தொடங்கியதால் வந்தவைதான்.

ஆரம்ப காலத்தில், வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த ஒருவர் தன் மகளுக்காக எங்களிடம் வீடு கீறுவித்தார். அழகான வீடு, எங்களுக்கே பெருமையாக இருந்தது. கல்யாணம் முடிந்து சில மாதங்களில் கூரை ஒழுகுகிறதென்று பார்க்கப் போனோம். வீட்டைக் கட்டியவர் பின்வளவில், மிஞ்சிய சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் தகரம் சாய்த்துப் படுத்திருந்தார். மனைவி பழைய குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில். தங்களுக்கு ஓர் இடம் வேண்டுமென்று கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்டுப் பார்க்க எங்களுக்கும் தோன்றவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் காக்கா சொன்னார்: "நாம வீடு கீறல்ல தங்கச்சி. ரெண்டு பேர வெளிய அனுப்பியிரிக்கம்."

அதற்குப் பிறகு எங்கள் பிளான் ஒவ்வொன்றிலும் ஒரு சாமான் அறை வரத் தொடங்கியது. பெற்றோர் அறை என்று எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் வீட்டில் பங்கு குறைகிறதென்று முகம் சுளிப்பார்கள். ஆகவே காக்கா சாமான் அறை என்றே எழுதினார். ஆனால் அந்த அறைக்குக் கடற்காற்று வரும் பக்கமாக ஜன்னல் இருக்கும், பக்கத்து ஒழுங்கைச் சந்துக்குத் தனிக் கதவு இருக்கும், ஒட்டினாற்போல் குளியலறையும் இருக்கும். எல்லாருக்கும் விளங்கும், ஒருவரும் கதைக்க மாட்டார்கள். ஒரேயொரு மாப்பிள்ளைப் பையன் மட்டும் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமானுக்கு எதற்குக் குளியலறை என்று கேட்டான். காக்கா கொஞ்சமும் சிரிக்காமல், "பழைய சாமான் தம்பி. கழுவி வெச்சாத்தான் கொஞ்ச நாளைக்கு இரிக்கும்" என்றார். பையன் கையெழுத்துப் போட்டான்.

ஊருக்கெல்லாம் அப்படிச் செய்தவருக்கு வீடு என்று ஒன்று இருந்ததில்லை. பிறந்த வீடு சகோதரிக்குப் போனது. மணமுடித்துப் போன வீடு மனைவியுடையது. மனைவி மௌத்தான பிறகு அது ஒரே மகள் ரிஸ்வானாவுக்கு. மாமனார் காலத்து வீடு, அதில் சாமான் அறை ஏது? ஓர் அறை நீட்ட முடியுமா என்று நானே போய் அளந்து பார்த்தேன். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் சரிந்துதான் நடக்கலாம். காக்கா ஹோலில் படுத்தார். பிள்ளைகள் எழும்புவதற்கு முன் பாயைச் சுருட்டிவிட்டு, கடை திறக்காத வீதியால் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். மகளும் நல்லவர், மருமகனும் நல்லவர். அதனால் யாரிடமும் குறைசொல்ல அவருக்கு வழியிருக்கவில்லை.

என் கதை மறுபக்கம். எனக்காகக் கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளை வரவில்லை. உம்மாவும் வாப்பாவும் போய்விட்டார்கள். நாலு அறை வீட்டில் நான் ஒருத்தி விளக்குப் போட்டு விளக்கு அணைக்கிறேன். அவரும் நானும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் பின்னேரமானால் இருவருக்கும் வீட்டுக்குப் போக அவசரம் இருக்காது.

சவளக்கடையில் அவருடைய வாப்பா வழியில் வந்த வயலும், அதன் ஓரத்தில் ஒரு மேட்டுத்துண்டும் இருந்தன. ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, எனக்கொரு வீடு கீறித் தாங்க. நான் கீறினா சாமான் அறைதான் வரும்."

யார் இருப்பதற்கு என்று வழக்கம்போல் கேட்டேன்.

"நான் மட்டும். என்ட மையித்து என்ட வீட்டால போகோணும். வேற ஒண்டுமில்ல."

தன் பிரேதம் தன் வீட்டு வாசலால் புறப்பட வேண்டுமென்பது மட்டும்தான் அவர் ஆசை. கீறினேன். ஓர் அறை, சிறு குசினி, குளியலறை, வயலைப் பார்த்துப் பெரிய ஜன்னல். வாழ்நாளில் நான் அவ்வளவு ஆசையாகக் கீறிய வீடு வேறில்லை. அவர் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. விஷயம் தெரிந்ததும் ரிஸ்வானா என்னிடம் வந்து அழுதார். "வாப்பாவ வயலுக்குத் தள்ளிட்டாள் எண்டு ஊர் கதைக்கும் மாமி. நான் ஆருக்கு முகம் குடுக்கிற?" அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஊர் அப்படித்தான் கதைக்கும்.

வீடு கட்டி முடிந்தது, பெயின்டும் அடித்தாயிற்று. காக்கா மட்டும் குடிபோகவில்லை. மகள் மனம்வைத்து ஓம் சொல்ல வேண்டுமாம். ரிஸ்வானா கேட்டும் கேளாதவர்போல் இருந்தார். காக்கா பின்னேரங்களில் சைக்கிளில் போய்க் கூட்டித் துடைத்து, ஜன்னல் திறந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மஃரிப் தொழுகைக்கு முன் திரும்பிவிடுவார். ஒருநாள்கூட அங்கே படுக்கவில்லை. என்ன மனிதர் இவர், தன் வீட்டுக்குப் போக யாரிடம் கேட்டு நிற்கிறார் என்று எனக்குக் கோபமாக வரும். சொன்னால் சிரிப்பார். போன வெள்ளிக்கிழமை நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து உயிரோடு வரவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது காக்காவின் உடலை, ஜனாஸாவை, வான் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். மகள் வீட்டில் ஆட்கள் உட்காரக் கதிரைகளும் இறக்கியாயிற்று என்று சொந்தக்காரர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். காக்காவின் ஆசை எனக்குத் தெரியும். மகளுக்கு முன்னால் வாய் திறக்க நான் யார்? சாரதி எங்கே விடுவதென்று கேட்டார். ரிஸ்வானா வான் கதவில் கையை வைத்தபடி நின்றார்.

"சவளக்கடைக்கு விடுங்க" என்றார் பிறகு. "வாப்பாட வீட்டுக்கு."

அங்கே ஆட்கள் கொள்ளாது என்று யாரோ சொன்னார். வெளியே நிற்கட்டும் என்றார் ரிஸ்வானா. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அப்படித்தான் காக்கா தன் வீட்டுக்குக் குடிபோனார். பெண்கள் அறைக்குள் நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஆண்கள் வரம்பு நெடுகக் குடை பிடித்து நின்றார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வாசலாலேயே ஜனாஸா போனது. கப்றில் வைத்து அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்ப, ரிஸ்வானாவையும் கூட்டிப்போனார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி நான் நின்றேன்.

அந்த வேளையில் அந்த வீட்டுக்குள் நான் இருந்தது அதுவே முதல் தடவை. மேற்கு வெயில் என்னுடைய பெரிய ஜன்னலால் நேரே உள்ளே வந்து, கட்டில் போட வைத்திருந்த இடம் முழுவதும் கிடந்தது. நிற்க முடியாத சூடு. நான் திசையைப் பிழையாகக் கணக்கிட்டிருக்கிறேன். நாள்தோறும் பின்னேரம் வந்திருந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஊரார் கீறுவித்த ஒவ்வொரு ஜன்னலிலும் குறை கண்டவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காக்கா, ஜன்னலுக்கு மேல் ஒரு சாய்ப்புக் கூரை இறக்கினால் வெயில் நிற்கும். எவ்வளவு நீளத்துக்கு இறக்குவதென்று கேட்க எனக்கு இப்போது ஆளில்லை. அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி, குளிர்மையாக்கி வைக்கட்டும்.