புது ஃபோன் காட்டிய பச்சை

போடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோன் கடைக்குத் தம்பியோடு நானும் போனேன். அவன் ஏமாறாமல் தடுக்கலாம் என்ற எண்ணம். தடுக்க முடியவில்லை.

தம்பி ஏலக்காய் வியாபாரி. மலையில் தெரிந்த தோட்டக்காரர்கள் சிலரிடம் காய் வாங்கி, கீழே கொண்டுவந்து சலித்து, தரம் பிரித்து, வெளியூர் மொத்தக் கடைகளுக்கு அனுப்புகிறான். கையில் இருந்த ஃபோன் நன்றாகத்தான் வேலை செய்தது. அதன் மேல் அவனுக்கு ஒரே ஒரு குறை. மற்ற வியாபாரிகள் வாட்ஸாப்பில் அனுப்பும் படங்களில் காய் பளிச்சென்று இருக்கிறது. அவன் அனுப்புவதில் இல்லை.

"ஒரே தோட்டத்துக் காய்தான்க்கா. அவன் படத்துல கிளி மாதிரி இருக்கு, என் படத்துல போலீஸ் காக்கி மாதிரி இருக்கு. வாங்குறவன் எத வாங்குவான்?"

கடையில் விற்பனையாளர் இரண்டு ஃபோன்களைக் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெவ்வேறு கம்பெனி, இரண்டும் அந்த மாதம்தான் வந்தவை. அளவு, கனம், முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருந்த விதம் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"இதுல என்னங்க புதுசு?" என்று கேட்டேன்.

"கேமரா மேடம்."

"போன வருசம் வந்ததுல?"

"அதுலயும் கேமராதான். இதுல ஏஐ இருக்கு."

"அப்ப இந்த இன்னொரு கம்பெனியில?"

"இதுலயும் ஏஐ இருக்கு மேடம். ஆனா இது வேற ஏஐ."

"வேறன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கலர் வேற மாதிரி வரும்."

தம்பி என் கையைத் தட்டினான். "பேட்டி எடுக்கிற சோலியெல்லாம் நீ மதுரையோட விட்டுட்டு வந்துட்டன்னு நெனச்சேன்."

விட்டுவிட்டு வந்தது உண்மைதான். மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்தேன். புது ஃபோன் வெளியீட்டுக் குறிப்புகள் என்னிடம்தான் வரும். தொடக்க வருடங்களில் அவற்றில் செய்தி இருந்தது. பொத்தான் போய்த் தொடுதிரை வந்தது செய்தி. வழி தெரியாதவனுக்கு வரைபடம் வந்தது செய்தி. பிறகு மெல்ல மெல்ல, "இதுவரை இல்லாத" என்ற சொல்லை அடித்துவிட்டுப் பார்த்தால் குறிப்பில் விலையும் நிறமும் மட்டும் மிஞ்சத் தொடங்கின. ஒருமுறை போட்டிக் கம்பெனிகள் இரண்டின் குறிப்புகளில் பெயர்களை மட்டும் மறைத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ஒரே குறிப்பை எதற்கு இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டார். அதிலிருந்து புது ஃபோன் என்றாலே, இல்லாத ஒன்றை யாரோ இருக்கிறது என்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும்.

தம்பி ஒன்றை வாங்கிக்கொண்டான்.

சீசனின் முதல் காய் இறங்கிய நாள், மலையில் சாரல். போடிமெட்டிலிருந்து வந்த ஜீப்பின் தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி நின்றது. காய் நல்ல காய். மலையில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் பதமாகச் சூடு காட்டி எடுத்திருந்ததால் பச்சை போகாமல் நின்றது. இருந்தாலும் உலர்ந்த காயின் பச்சைதான் அது. செடியில் இருக்கும் இலையின் பச்சை அல்ல.

முதல் காய் வந்தால் தம்பி குடோனில் ஒரு தலைவாழை இலை விரிப்பான். அதில் ரெண்டு கை காயைக் குவித்து, சூடம் காட்டி, அதற்கப்புறம்தான் சலிக்கக் கொடுப்பான். அன்றும் அப்படியே செய்தான். புது ஃபோன் கையில் இருந்ததால் இலையோடு சேர்த்து ஒரு படம் எடுத்தான். எடுக்கும்போது திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு இலைச் சின்னம் தோன்றி மறைந்ததை நான் பார்த்தேன். அது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, நீங்களும் பாருங்க" என்று சலிக்கிற பெண்களிடமும் காட்டினான். பிறகு சென்னையில் இருக்கும் மொத்த வியாபாரிக்கு அனுப்பினான். அண்ணாச்சி என்றுதான் நாங்கள் சொல்வோம். தம்பியின் சரக்கில் பெரும் பங்கு அவர் கடைக்குத்தான் போகிறது. அவர் போடிக்கு வந்து காயைப் பார்த்ததில்லை. படம், பேச்சு, நம்பிக்கை. இவற்றின் மேல்தான் அந்த வியாபாரம் நடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் கூப்பிட்டார். தம்பி ஒலிபெருக்கியில் போட்டான், பாராட்டு வரும் என்று.

"தம்பி, நல்லா இருக்கீயளா? படம் பாத்தேன். ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது. காய்க்கு ஏதும் போட்டிருக்கீயளா?"

தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளுத்த காயைச் சாயத் தண்ணீரில் முக்கிப் பச்சையாக்கி விற்பவர்கள் உண்டு. போடி வியாபாரிகள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சாயக்காய் என்று ஒருவன் மேல் ஒருமுறை சொல் விழுந்துவிட்டால், பிறகு அவன் நல்ல காய் அனுப்பினாலும் தேய்த்துப் பார்க்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி, நம்ம காயா? எத்தன வருசமா எடுக்குறீங்க!"

"அதான் கேக்கேன். இத்தன வருசமா இப்படி ஒரு பச்சைய நீங்க அனுப்புனதில்லையே."

சாயத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஈரமான வெள்ளைத் துணியில் காயைத் தேய்ப்பது. சாயம் இருந்தால் துணியில் ஒட்டும். தம்பி உடனே வீடியோ அழைப்பில் வந்து, குவியலுக்கு மேலே துணியைப் பிடித்துத் தேய்தேய் என்று தேய்த்துக் காட்டினான். துணி வெள்ளையாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் திரையில் அதே துணியில் லேசாகப் பச்சை படர்ந்திருந்தது. குடோனின் வெளிச்சமா, குவியலின் நிறமா, ஃபோன் தானாகச் செய்த திருத்தமா, சொல்ல முடியவில்லை. அண்ணாச்சி, "சரி தம்பி, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றான் தம்பி.

சலித்துக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர் சல்லடையை நிறுத்தாமலே சொன்னார்: "பொண்ணு பாக்க அனுப்புற போட்டோ மாதிரி எடுத்து அனுப்புனியேப்பு. நேர்ல பாக்குறவன் கேக்கத்தான செய்வான்?"

"நீ வேற ஏன்த்தா, எரியிறதுல எண்ணெய ஊத்துற."

"நான் எங்க ஊத்துனேன்? ஒன் ஃபோன்தான் காய்க்கே எண்ணெய் தடவிருக்கு."

மறுநாள் காலை, வெயில் வந்ததும், காயைக் குடோன் வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னேன். தம்பியின் புது ஃபோன், என்னுடைய பழைய ஃபோன், பக்கத்துக் குடோன்காரர் வைத்திருந்த போட்டிக் கம்பெனி ஃபோன், மூன்றிலும் அதே காயை இலை மேல் வைத்து எடுத்தோம். புது ஃபோனில் மறுபடி அந்த இலைச் சின்னம் வந்தது. செடிகொடி என்று எண்ணிக்கொண்டு பச்சையை ஏற்றுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் காய்க்கு இலை விரித்ததுதான் வினையாகியிருந்தது. போட்டிக் கம்பெனி ஃபோனில் காய் மஞ்சள் கலந்த பச்சையில், வெயில் பட்ட நாற்று மாதிரி இருந்தது. என்னுடையதில் மங்கல்.

"என் ஃபோன்லதான் ஒரிஜினல் கலர் வந்திருக்கு" என்றார் பக்கத்துக் குடோன்காரர்.

"காய் இங்க கண்ணு முன்னாடி கெடக்கு மாப்ளே. அதுல எங்கயாவது மஞ்சள் இருக்கா?" என்றான் தம்பி.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாரு."

"தள்ளி நின்னா ஒன் காதுகூட மஞ்சளாத்தான் தெரியும்."

இலையை எடுத்துவிட்டு ஒரு பழைய செய்தித்தாளை விரித்தேன். காயின் பச்சை ஓரளவு அடங்கியது. ஆனால் எனக்குத் தாளின் மேல்தான் கண் போனது. பல வருடம் கையில் பிடித்த தாள். லேசான சாம்பல், ஓரத்தில் பழுப்பு. புது ஃபோனில் அது சலவை வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. நாளிதழ்த் தாள் ஒருநாளும் அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை. ஃபோனின் செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஏஐயை அணைத்தோம். இலைச் சின்னம் வரவில்லை. தாள் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அணைத்த பிறகும் உள்ளே வேறு ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பொத்தானும் இல்லை, பெயரும் இல்லை.

கலர் வேற மாதிரி வரும் என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று அவர் சொன்னவற்றில் நான் சரிபார்க்க முடிந்த ஒரே தகவல் அதுதான், அது சரி. இந்தக் கம்பெனிக்கும் அந்தக் கம்பெனிக்கும் இன்று இருக்கிற வித்தியாசம், எது எந்தப் பக்கம் மிகைப்படுத்துகிறது என்பதுதான் என்று எனக்குப் பட்டது. இருட்டில் படம் எடுக்கிறது, சார்ஜ் சீக்கிரம் ஏறுகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. மழையில் மலைப்பாதையில் ஜீப் வருவதைத் தம்பி எடுத்த படம் துல்லியமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பாதையில் மூடுபனி எவ்வளவு இருந்தது என்று இப்போது அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஃபோன் துடைத்தது எவ்வளவு என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

"அண்ணாச்சி எந்த ஃபோன்ல பாக்குறாரு?" என்று கேட்டேன்.

தம்பி என்னைப் பார்த்தான். "அத எப்படிக்கா கேக்குறது?"

சாயமா என்று அவர் கேட்டதைவிட இது மோசமான கேள்வி இல்லை என்றேன். கேட்டான். மகன் புதுசாக வாங்கிக் கொடுத்தது என்றார் அண்ணாச்சி. தம்பியின் புது ஃபோன் கம்பெனியேதான். எடுத்த ஃபோன் ஒரு தடவை ஏற்றிய பச்சையை, பார்த்த ஃபோனின் திரை இன்னொரு தடவை ஏற்றியிருக்கலாம். தம்பி இதை அவருக்கு விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டார். "ஃபோன் மேல பழியப் போடுறியளோன்னு யாரும் நெனச்சிரக் கூடாது தம்பி" என்றார். யாரும் என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை.

அன்று மாலையே ஒரு பை காயைக் கட்டிச் சென்னை பஸ்சில் பார்சல் போட்டோம். பதில் வரும்வரை தம்பி மலைக்குப் போகவில்லை. தோட்டக்காரர் கூப்பிட்டு, அடுத்த காய் ரெடியாயிட்டுண்டு, லோடு எப்ப எடுக்கிறது என்று பாதி மலையாளத்தில் கேட்டபோதும் மழுப்பினான். இடையில் வேறொரு ஊர்க் கடைக்காரர் ஃபோனில் பேசிவிட்டு வைக்கும்போது, "என்ன, இந்த வருசம் பச்சை ஜாஸ்தியாமே?" என்று சிரித்தார். அவருக்கு அந்தப் படத்தைத் தம்பி அனுப்பியதே இல்லை.

பார்சல் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி கையில் எடுத்துப் பார்த்து, மென்று பார்த்து, தேய்த்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "காய் நம்ம காய்தான் தம்பி. லோடு ஏத்துங்க. இனிமே படம் வேணாம், சாம்பிள் அனுப்பிருங்க." விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், தம்பி பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டான். அவர் உண்மையிலேயே சந்தேகப்பட்டாரா, சந்தேகப்பட்டதாகக் காட்டி விலையைப் பிடித்தாரா என்று நான் தம்பியிடம் கேட்டேன். "ஒனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்றான். உடனே, "எனக்கும் தோணுச்சு" என்றான்.

லோடு போய்ச் சேர்ந்த மறுநாள் தம்பி ஃபோனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அண்ணாச்சி தன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தார். வாழை இலை, சூடப் புகை, கிளிப் பச்சையில் காய். கீழே, போடி புது வரத்து.

"அதே படம்க்கா. இவருக்கே சாயம்னு தோணுன படம்." அவன் குரல் உயரவில்லை. "சின்னக் கடைக்காரன் இத நம்பி வாங்குவான். சாக்கப் பிரிச்சா நம்ம காய். அவன் யாரச் சொல்வான்? போடிக்காரனத்தான் சொல்வான்."

என் முன்னாலேயே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த எடுத்துருங்க."

"ஏன் தம்பி? நல்லாத்தான இருக்கு."

"அது உள்ள கலர் இல்ல அண்ணாச்சி. நீங்கதான சொன்னீங்க."

"நான் வாங்கும்போது சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. பின்னால் கடையில் யாரோ அவரை அழைத்தார்கள். "பாப்போம் தம்பி."

செய்தித்தாள் மேல் வைத்து என் பழைய ஃபோனில் எடுத்த மங்கல் படத்தைத் தம்பி அவருக்கு அனுப்பி, இதைப் போடுங்கள் என்று எழுதினான். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தப் படத்தை அவர் போடவில்லை. பச்சைப் படத்தை எடுக்கவும் இல்லை. மறுநாள் அதன் நேரம் முடிந்து தானாகவே மறைந்தது. அதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் அண்ணாச்சியின் ஃபோனில் மட்டும்தான் தெரியும். தம்பி அதைக் கேட்கவில்லை. அடுத்த லோடுக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பச்சையைப் பற்றி ஏதாவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.