ரெண்டு பூட்டு

போன வாரம் விராலிமலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பங்காளி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஊர் திரும்பப் பொன்னமராவதி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம். வீட்டிலிருந்து போன்.

"கம்ப்யூட்டர்ல என் ஃபைல் ஒன்னயும் காணோம். என்னங்க பண்ணி வச்சீங்க?" என் மனைவி செல்வி.

அலுப்பாக இருந்தது. ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் குடித்தனம் நடத்துகிற கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? செல்வி பத்திரிகை டிசைன் செய்பவள். கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா நோட்டீஸ் – எல்லாம் செய்வாள். அவளுடைய சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். எனக்கோ வாரம் ஒரு பத்தி எழுத வேண்டும். மெஷினுக்கு வயதாகிவிட்டது... விண்டோஸ் திறப்பதற்குள் எழுத வந்த விஷயமே மறந்துபோகும்.

அதனால்தான் அதற்கு முந்தின நாள், லேசாக ஓடுமே என்று விண்டோஸ் மாதிரியே இன்னொன்றான லினக்ஸையும் பக்கத்திலேயே ஏற்றியிருந்தேன். ஆன் செய்தால் திரையில் இரண்டு பெயர்கள் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். சும்மா இருந்தால், மேலே இருப்பதற்குள் தானாகப் போய்விடும். இதற்கு டூயல் பூட் என்று பெயர்.

செல்வியிடம் சொன்னேனா? சொல்லத்தான் நினைத்தேன். தூக்கம் வந்துவிட்டது.

"ஃபைல் எங்கயும் போகல செல்வி. டூயல் பூட் போட்டிருக்கேன். ரெண்டு பூட்!"

பக்கத்தில் மதுரை பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டது.

"ரெண்டு பூட்டா?" அவள் குரல் மாறியது. "எதுக்குங்க பூட்டு? நான் என்னத்தத் திருடிட்டுப் போயிட்டேன்?"

"பூட்டு இல்ல... பூட்!"

"அதத்தானங்க சொல்றேன். சாவி எங்க?"

சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் போனில் இன்னொரு குரலும் கேட்டது. குன்றாண்டார்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு தாய்மாமன். காதணி விழாப் பத்திரிகையில் அவர் பெயர் சித்தப்பாக்களின் பெயருக்குக் கீழே போய்விட்டதாம். மாற்றி அச்சுக்கு அனுப்புகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, பிள்ளைக்குக் காது குத்தப்போறது என் மடியில. என் பேர மேல கொண்டாந்துருங்க. இல்லாட்டி விசேஷத்துக்கு நான் வரல!"

அவர் கோபித்துக்கொண்டு போனால் விழா நின்றுவிடும். அந்தப் பக்கமெல்லாம் செல்வியின் பேரும் கெட்டுவிடும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ரெண்டு பேரு வரும். கீழ இருக்கறது ஒன்னோடது. கீழ் அம்புக்குறிய அமுக்கி என்டர் தட்டு."

"வந்துச்சு... கண்ணாடிய எடுக்கறதுக்குள்ள உங்களுதுக்குள்ள போயிருச்சுங்க."

மறுபடி ஆஃப், ஆன். இந்தத் தடவை கண்ணாடியை முதலிலேயே மாட்டிக்கொண்டாள். பெருமூச்சு கேட்டது. அவளுடைய ஃபைல்கள் வந்துவிட்டன. எனக்கு பஸ்ஸும் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. மாமாவும் கிளம்பியிருந்தார். செல்வி தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மேல இருக்கறது உங்களுதா?"

"ஆமா."

"யாரு அப்படிப் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தானா வந்துருச்சு."

"தாய்மாமன் பேரக் கீழ போட்டவங்களும் இதயேதாங்க சொன்னாங்க."

சுருக்கென்றது. நான் எழுதுவது வேலை, அவள் செய்வது வீட்டு வேலைக்கு நடுவே ஏதோ ஒன்று – இப்படி எங்கள் வீட்டில் யாரும் முடிவு செய்ததில்லை. அதுவும் தானாக வந்ததுதான். இப்படித் தானாக மேலே வந்து உட்கார்ந்துகொண்ட எதையாவது, உட்கார்ந்திருப்பவர் என்றைக்காவது மெனக்கெட்டு மாற்றியிருக்கிறாரா?

அன்றைக்கே செட்டிங்கை மாற்றினேன். இப்போது அவளுடையது மேலே.

இன்று காலை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் விண்டோஸ் திறந்து கிடக்கிறது. திரை முழுக்க யார் வீட்டுக் காதணி விழா ஃபைல்களோ. மறுபடி ஆஃப், ஆன், அம்புக்குறி... எனக்குத் தெம்பு இல்லை, சாமி.

இந்தப் பத்தியை விண்டோஸிலேயே, அவள் பக்கத்திலிருந்தே எழுதிவிட்டேன்.