நகரியில் இன்னும் இரண்டாயிரத்துப் பதினெட்டு

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு மாதவரம் பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டி ஏறினேன். திருப்பதிக்குப் போகிறவர்கள் தலையில் முடியோடு போய் இல்லாமல் திரும்புவார்கள். எனக்குப் போகும்போதே அது இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தோள்பையும், அதற்குள் பதினொரு பழைய போன்களும்தான்.

புதிதாகச் செய்யும் ஆப்கள் பழைய போன்களில் ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. நாலு வருடம், ஆறு வருடம், பத்து வருடம் ஆன போன்களை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். நான் கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்ப்பதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து என் மேஜையைப் பார்த்தாளானால் பழைய இரும்புக் கடை என்று திருத்திச் சொல்லிவிடுவாள்.

இந்த முறை வேலை மாங்காயைப் பற்றியது. சித்தூரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. பருவம் வந்தால் ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். அதை ஒழுங்குபடுத்த ஆலைக்காரர்களின் சங்கம் ஒன்று எங்களிடம் ஓர் ஆப் செய்து வாங்கியது. விவசாயி அதில் டோக்கன் எடுக்க வேண்டும். அதில் காட்டும் நாளில், காட்டும் நேரத்தில் வந்தால் கதவு திறக்கும். டோக்கன் இல்லையென்றால் கதவு இல்லை. ஆப் வந்த கொஞ்ச நாளிலேயே நகரிப் பக்கத்திலிருந்து புகார். பழைய போன்களில் ஆப்பைத் திறந்தால் ‘இணைய இணைப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறதாம்.

எங்கள் அலுவலகத்தில் அதே வயதுள்ள போன்களில் அருமையாக ஓடியது. மேலாளர் கூப்பிட்டு, “நேர்ல போய்ப் பாருங்க. கதை வேணாம். ஓடுகிறது, ஓடவில்லை, ரெண்டுல ஒரு சொல் அனுப்புங்க போதும்” என்றார். புறப்படும் முன் பதினொரு போனையும் உள்ளே ஒன்றுமில்லாமல் துடைத்துக் காலி செய்துகொண்டேன். சோதனைக்கு முன் போனைத் துடைப்பது எங்கள் தொழிலின் ஆசாரம். குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவது மாதிரி.

நகரிக்கு நூற்று நாற்பது ரூபாய் டிக்கெட். திருவள்ளூர் தாண்டியதும் நடத்துனர் என் பையைக் காலால் நகர்த்தினார். உள்ளே கலகலவென்று சத்தம். என்ன என்று கேட்டார். போன்கள் என்றேன். ரிப்பேருக்கா என்றார். இல்லை, எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த தன் போனை எடுத்துப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். திருத்தணி வரை என் பக்கமே வரவில்லை.

ஒன்பதேகால் மணிக்கு நகரி. இறங்கியதுமே தறிச்சத்தம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறி ‘தடக்தடக்’ என்று காதில் அடித்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பழைய போன் விற்கும் கடை ஒன்று இருந்தது. நோயாளிகள் வீட்டுக்கே வைத்தியன் வந்த மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் என் பிழைப்பு முழுக்க அடுக்கியிருந்தது. பாதிப் போன்கள் பாடிக்கொண்டிருந்தன.

நான் பையைத் திறந்து போன்களை எடுத்து வைத்ததும் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். குரலைத் தணித்துக்கொண்டு, “மொத்தமா குடுத்துடுணா. எங்க கெடைச்சுதுன்னு நான் கேக்க மாட்டேன்” என்றார்.

நான் திருடன் இல்லை என்று புரிய வைப்பதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. பிறகு அவரே வியாபார ரகசியத்தைச் சொன்னார். தறிக்காரர்கள் போன் வாங்க வருவதில்லை, பாட்டு வாங்க வருகிறார்கள். தறிச்சத்தத்துக்கு மேல் ஏதாவது பாடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அவர் விற்கும் ஒவ்வொரு போனிலும் ஒரு பாட்டு ஆப்பும் ஐந்நூறு பாட்டும் இலவசம். காடு கழனியில் இருப்பவர்களும் அவரிடம்தான் வாங்குகிறார்களாம்.

ஒரு போனைக் கையில் எடுத்தேன். தேதி இரண்டாயிரத்துப் பதினெட்டு, பிப்ரவரி என்று காட்டியது. தேதியைக்கூடச் சரி செய்யாமல் விற்கிறீர்களே என்று சிரித்தேன்.

“தேதி பாக்க வீட்ல காலண்டர் கீதுணா” என்றார்.

நல்ல ஜோக் என்று நினைத்துப் பலமாகச் சிரித்தேன். என் பதினொரு போன்களிலும் எங்கள் ஆப்பைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் பளிச்சென்று திறந்தது. ‘நகரி: சிக்னல் நன்று, கோளாறு இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கோளாறைக் கையில் எடுத்துப் பார்த்து, அதனிடமே சிரித்துவிட்டு, கீழே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி ஐம்பது கிலோமீட்டர். மதியம் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த மேனேஜர் தன் போனை எடுத்து ஆப்பைத் திறந்து காட்டினார். அவருடைய போன் நாலு இட்லி வைக்கிற அகலம். அதில் எங்கள் ஆப் மட்டுமல்ல, எதுவும் ஓடும். பழைய போன் பற்றிக் கேட்டதற்கு, “ரைத்துலு கொத்த போன் கொனாலண்டி” என்றார். விவசாயிகள் புதுப் போன் வாங்கினால் தீர்ந்தது என்பது அவர் கட்சி. ஏசி காற்றில் அந்த யோசனை மிகவும் நியாயமாகத்தான் கேட்டது.

இரவு திருச்சானூரில் தங்கினேன். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். லாட்ஜில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், ஒருவர் என்றேன். அறைக்குப் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு பிளக். கீழே வந்து, பன்னிரண்டு போன் சார்ஜ் போட வேண்டும் என்றேன். அறை வாடகை அறுநூறு என்று சொன்னவர், எழுநூற்றைம்பது என்று மாற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சித்தூர் பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். சித்தூரில் இறங்கி பலமனேர் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. முதலில் மாம்பழ வாசனை. பிறகு புளித்த மாம்பழ வாசனை. கடைசியில் மாம்பழம் என்றே சொல்ல முடியாத ஒன்று. சாலையோரம் டிராக்டர்கள் வளைவு தாண்டியும் நின்றன. டிரெய்லர்களின் அடியிலிருந்து சாறு சொட்டித் தார்ச்சாலை பிசுபிசுத்தது.

வாசல்காரரிடம் டோக்கன் இல்லாமல் யாராவது உள்ளே போகிறார்களா என்று விசாரித்தேன். “டோக்கன் லேதண்டே லோபலிக்கி லேது சார்”, டோக்கன் இல்லையென்றால் உள்ளே கிடையாது என்று சொல்லிவிட்டு, டோக்கன் காட்டிய ஒரு வண்டிக்குக் கதவைத் திறந்தார். வரிசையில் ஒன்பதாவதாக நின்ற வண்டி அது. முன்னால் நின்ற எட்டும் அப்படியே நின்றன.

அந்த எட்டில் ஒன்று முனிரத்தினத்துடையது. நகரிக்குப் பக்கத்துக் கிராமம், ஐம்பது வயது, இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. மனைவி தேவகி டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து தேனீ விரட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பறித்த கிளிமூக்கு மாங்காய். காற்றுக்கு உதிர்ந்தது போக இந்த வருடம் மிஞ்சியது இந்த ஒரு லோடுதான். நாளைக்குள் உள்ளே போகாவிட்டால், கனிந்து வெடித்தது வேண்டாம் என்று ஆலை தள்ளிவிடும். திங்கட்கிழமை காலையிலிருந்து அவர் போன் ‘இணைய இணைப்பு இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பையைத் திறந்ததும் அவர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், இத்தினி போன் வச்சிக்கினு கீற. ஒண்ணுலயாவது டோக்கன் வருமா?”

அவருடைய சிம்மை எடுத்து என் போனில் போட்டேன். ஆப் உடனே திறந்தது. ‘இந்த எண் வேறு போனில் பதிவாகியுள்ளது, மாற்ற மூன்று நாள் ஆகும்’ என்றது. பாதுகாப்புக்காக எங்கள் அலுவலகம் போட்ட பூட்டு அது. பூட்டு பிரமாதமாக வேலை செய்கிறது என்று நற்சான்று கொடுத்தவன் அடியேன்.

அவருடைய போனும் என் போனும் ஒரே மாடல், ஒரே வயது. ஒன்றில் திறக்கிறது, ஒன்றில் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் துடைப்பதுதான். “உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பாக்கறேன்” என்றேன்.

தேவகி எழுந்து வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“அழிக்கிறதா? பாட்டு கீதுபா இதுல. அன்னிக்கு ஆப் போட வந்தவன் இன்னாவோ நோண்டினான், ஆப் தொறந்துது, பாட்டு நின்னு போச்சு. கடைக்காரன்கிட்ட குடுத்துத்தான் சரி பண்ணிக்கினோம்.”

“என்ன சரி பண்ணினார்?”

“தேதிய. பழய தேதி வச்சாத்தான் பாட்டு ஆப்பு துட்டு கேக்காதாம்.”

இலவசக் காலம் முடிந்ததும் காசு கேட்கிற பாட்டு ஆப் அது. காலமே முடியாதபடி, கடைக்காரர் விற்ற போன்களையெல்லாம் இரண்டாயிரத்துப் பதினெட்டிலேயே கட்டிப் போட்டிருந்தார். எங்கள் ஆப் ஒவ்வொரு முறையும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றைக் காட்டித்தான் பேச ஆரம்பிக்கும். அந்தச் சான்றிதழ் இந்த வருடம் பிறந்தது. பதினெட்டில் இருக்கிற போனுக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளை; நம்ப மாட்டேன் என்று கதவைச் சாத்திவிடுகிறது. எந்தக் கோளாறு வந்தாலும் எங்கள் ஆப்புக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: இணைய இணைப்பு இல்லை. துடைத்த போன்களை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் தட்டியிருந்தாலும் எனக்கு இது அகப்பட்டிருக்காது. என் போன்களில் யாரும் குடியிருந்ததில்லை.

தேதியை மாற்றினால் பாட்டு போய்விடும் என்று சொன்னேன்.

“போவட்டும். காய் போவக் கூடாது. மாத்து” என்றார் தேவகி.

மாற்றினேன். ஆப் திறந்தது. முனிரத்தினம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பிழைப்பில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அது. விரலால் அழுத்தி டோக்கன் எடுத்தார். வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

அதற்கு முந்திய நேரங்களையெல்லாம், ஆப் திறக்கும் போன் வைத்திருந்தவர்கள் இரண்டு நாளாக எடுத்துத் தீர்த்திருந்தார்கள்.

திருப்பதி மேனேஜரை அழைத்தேன். வரிசையை மிஷின் போடுகிறது, மனிதர் கை வைக்க முடியாது என்றார். ஆப் திறந்துவிட்டதல்லவா என்று கேட்டார். திறந்தது என்றேன். ரொம்பச் சந்தோஷம் என்றார். அதற்குள் செய்தி பரவி, வரிசையில் நின்ற மற்ற நகரிக்காரர்களும் போனை நீட்டினார்கள். அன்று சித்தூர்ச் சாலையில் ஆறு பேரைப் பதினெட்டிலிருந்து இந்த வருடத்துக்குக் கூட்டி வந்தேன். ஒருவருக்கும் வெள்ளிக்கு முன்னால் டோக்கன் இல்லை.

முனிரத்தினம் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு காயை எடுத்தார். கட்டை விரல் உள்ளே போய்விட்டது.

“வெள்ளிக்கிழமைக்கு இது காய் இல்ல சார், ஜூஸு. அவங்க செய்ய வேண்டிய வேலைய நாமளே முடிச்சுட்டோம்” என்றார்.

மண்டிக்கு இரண்டு போன் பேசிப் பார்த்தார். இந்தப் பதத்தில் யாரும் கேட்கவில்லை. மூன்று மணிவாக்கில் வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில், சாலையோரத்துப் புறம்போக்கில், ஏற்கனவே யார் யாரோ கொட்டிய மாங்காய் மஞ்சளாகக் கிடந்தது. பக்கத்தில் நிறுத்தி டிரெய்லரின் பின்கதவைத் திறந்தார். நானும் தேவகியும் மேலே ஏறிக் காலால் தள்ளினோம். பறிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, கொட்டக் கொஞ்ச நேரமே ஆயிற்று.

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் பார்க்க நின்றேன். முனிரத்தினம் டிராக்டரில் உட்கார்ந்தபடியே, “நகரியில ரயில் புடிச்சிக்கோ. ஏறு சார், இப்ப எடம் கீது” என்றார்.

காலி டிரெய்லரில் பயணம் செய்வதைப் பற்றி, இன்னும் போகாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: உட்காரவே முடியாது. அறுபது கிலோமீட்டரும் ஒவ்வொரு பள்ளத்தையும் என் இடுப்பு தனித்தனியாக அறிமுகம் செய்துகொண்டது. தரையில் சாறு காய்ந்து பேண்டோடு ஒட்டியது. பள்ளிப்பட்டுக்கு முன்னால் தேவகி போனை என்னிடம் நீட்டினார்.

“அந்தத் தேதிய பழயபடியே வச்சுடுபா.”

வைத்தால் டோக்கன் திறக்காது என்றேன்.

“வெள்ளிக்கிழமை அங்க போயி இன்னாத்த கொட்டப் போறோம்? அடுத்த வருஷம் போன்ல மட்டும் இல்ல, மாங்காய்லயும் ஒரு புது மாடல் பாத்து வாங்கிக்கறோம். நீ வை.”

வைத்தேன். பாட்டு வந்தது. டிராக்டர் சத்தத்தில் பாதிதான் கேட்டது. முன்னாலிருந்து முனிரத்தினம் திரும்பாமலே, எந்த வருஷம் வச்ச என்று கத்தினார். பதினெட்டு என்று கத்தினேன்.

“அப்பவும் ரெண்டு நாள் ரோட்லதான் கெடந்தோம் சார். ஆனா உள்ள போனோம்” என்றார்.

நகரி ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். முனிரத்தினம் கைகூப்பினார். ரயிலில் உட்கார்ந்து மேலாளருக்குத் தேதி, பாட்டு, சான்றிதழ், வெள்ளிக்கிழமை, கொட்டிய லோடு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். எங்கள் பிழைச்செய்தியை உடனே மாற்ற வேண்டும், பழைய போன்காரர்களுக்கு டோக்கன் தனியாக ஒதுக்கச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். திருத்தணி வருவதற்குள் பதில் வந்தது: ‘சரியான தேதி வைத்தால் ஓடுகிறதா, ஓடவில்லையா? ஒரு சொல்.’

‘ஓடுகிறது’ என்று அனுப்பினேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டும் ஒரு படம் வந்தது. முனிரத்தினத்தின் கட்டை விரலைப் போல அது எந்தக் காய்க்குள்ளும் போனதில்லை.

வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. ஏதாவது பாட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது. என் போனில் சார்ஜ் இல்லை. பையைத் திறந்து பழைய போன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பதினொன்றிலும் இன்றைய தேதி சரியாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நன்றாகத் துடைத்திருந்தேன்.