சேவலுக்காக நான் செய்த ஜெபம்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் சின்னக்கானலுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். நான் கொழுந்தெடுக்கப் போவேன். என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் வேலை. லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவர். இருவரும் ஒரே சபை.

அந்த வருஷம் மூணாறில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. போனவர்கள் எல்லாரும் விம்மி விம்மி அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள் நான். பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று பயம் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம், விடியுமுன் ஜெபம் என்று ஆரம்பித்தேன். சத்தமாக ஜெபித்தால் விசுவாசம் வளரும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பாவம், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்!

அந்தச் சமயத்தில் என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் இழுத்தது. பிழைத்தால் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒரு சேவல் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். பிள்ளை பிழைத்தது. வீட்டிலிருந்த சிவப்புச் சேவலின் காலில் மஞ்சள் ரிப்பன் கட்டிவிட்டேன், அது கர்த்தருக்கு என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று. அப்படி ரிப்பன் கட்டிய கோழியை எங்கள் லயத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேவலைக் காணவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் பக்கத்து வீட்டில் கோழிக்கறி வாசனை! மலைக்குக் கீழேயிருந்து மருமகன் வந்திருக்கிறார், கடையில் வாங்கியது என்று அக்கா சொன்னார். நான் நம்பவில்லை. மாத நடுவில் கறி வாங்க ஏது வழி என்று என் மனசு கணக்குப் போட்டது. மஞ்சள் காமாலைக்காரிக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே.

நேரே கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் செய்தது அதைவிடக் கேவலம். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். அன்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உமக்கென்று வைத்ததை எடுத்துத் தின்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். உண்மையை வெளியே காட்டும்" என்று ஜெபித்தேன். ஜெபம் என்ற பெயரில் அந்த அக்காவை எல்லார் முன்னாலும் திருடி என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஆண்டவரையே துணைக்கு வைத்துக்கொண்டு! யாரும் மறுபேச்சுப் பேச முடியாதல்லவா? அந்த அக்கா மட்டும் "ஆமென்" என்றார், நல்ல சத்தமாக.

பண்டிகையன்று அவர் தன்னுடைய முட்டையிடும் கோழியைக் கொண்டுவந்து, என் மகள் பெயரைச் சொல்லிக் காணிக்கை வைத்தார். எனக்கு வெற்றிச் சிரிப்பு. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் என்று பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தேன். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். ஜெபத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜெபத்தில் வாய்தான் அசைந்தது, மனசு கல்லாகக் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை. சோலைக்காட்டை ஒட்டிய மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு செடியின் அடியில் ஈரத்தில் ஒட்டிய சிவப்பு இறகுகள், கூடவே காய்ந்த கோழிக்கால் ஒன்று. காலில் மஞ்சள் ரிப்பன். காட்டுப்பூனையின் வேலை. சுற்றும்முற்றும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. ரிப்பனை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பேசாமல் தூர எறிந்துவிடலாமா என்றும் ஒரு புத்தி சொன்னது. பொய் சொல்வானேன், எறியத்தான் நினைத்தேன்.

மறுநாள் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனை. போதகர் மூணாறிலிருந்து ஜீப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். முந்தின நாள் சாயங்காலம் அதற்கு ஆயத்த ஆராதனை; மனஸ்தாபம் உள்ளவர்கள் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். அன்று அதற்குப் போனபோது, போதகர் வராத நாட்களில் சபையைக் கவனிக்கும் உபதேசியார் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். "ஏம்மா, ஒம் பக்கத்து வீட்டு அக்கா நாளைக்குத் திருவிருந்து எடுக்க மாட்டாங்களாம். 'ஒருத்திக்கு எம்மேல மனத்தாங்கல் இருக்கு, அது தீராம நான் எப்படிக் கை நீட்டுறது'ன்னு சொல்றாங்க. நீயாவது பேசிப் பாரேன்" என்றார். அந்த ஒருத்தி யார் என்பதை அக்கா அவரிடம்கூடச் சொல்லவில்லை.

திருடாதவர் ஒதுங்கி நிற்கிறார். பழி போட்டவள் முன்பெஞ்சில் உட்காரப் போகிறேன். பேசாமல் இருந்தால் இன்னும் மூன்று மாதம் அவருக்கு அது கிடைக்காது. எனக்குக் கிடைத்தும் பிரயோஜனமில்லை.

மனஸ்தாபம் உள்ளவர்கள் உண்டா என்று போதகர் கேட்டபோது எழுந்து நின்றேன். ஜெபத்தில் அவ்வளவு நீட்டி முழக்குகிறவளுக்கு அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரிப்பனை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். "காட்டுப்பூன... காட்டுப்பூன தின்னுருக்கு. நான் இந்த அக்காவத் திருடின்னு ஜெபம் பண்ணினேன்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதானே! அவமானத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

கடைசிப் பெஞ்சிலிருந்து அந்த அக்கா எழுந்து வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "சும்மா இரு புள்ள, மூக்கெல்லாம் ஒழுகுது" என்றார்.

"அப்புறம் எதுக்குக்கா கோழிய வச்சீங்க? அதனாலதான் நான் இன்னும் சந்தேகப்பட்டேன்."

"ஒம் பொருத்தன நின்னு போயிரக் கூடாதுல்ல. பிள்ள பேருல வேண்டினது."

இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் ஒங்களத்தான் குத்தி ஜெபிக்கேன்னு தெரியும்ல? பின்ன எதுக்கு ஆமென் சொன்னீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "உண்மையக் காட்டும்னுதான கேட்ட? எனக்கும் அதுதான வேணும்!"

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்று திருவிருந்து வாங்கினோம். கூட்டங்களிலும் உபவாசத்திலும் நான் தேடியலைந்தது, முந்தானை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டவரிடம் இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. தனக்கு எதிராகச் செய்யப்படும் ஜெபத்துக்கும் பயமில்லாமல் ஆமென் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அதைத்தான் நான் இன்றுவரை கேட்டு ஜெபிக்கிறேன், இன்னும் முழுசாகக் கிடைத்தபாடில்லை.