கை மட்டும் அவளுடையது இல்லை

கடற்கரைச் சாலையில் உள்ள பழைய பங்களாவில் நான் காவல் வேலை பார்க்கிறேன். அங்கே கூடத்தில் டச்சுக்காரர் காலத்துப் பெண் படம் ஒன்று தொங்குகிறது. முந்நூறு வருஷத்துப் படம் என்பார்கள். கறுத்துப்போய்க் கிடந்த அதைச் சுத்தம் செய்யச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மனைவி இறந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பேன். கேட்கக் கூச்சம். அவளே சொல்லுவாள். அந்த ஓவியன் கப்பலில் வந்தவனாம். கப்பல் வராத மாதங்களில் தலையில்லாத உடம்புகளாக வரைந்து அடுக்கி வைப்பானாம். பட்டுக் கவுன், முத்துமாலை, மடியில் வைத்த வெள்ளைக் கை. துரைசானி யாராவது வந்து உட்கார்ந்தால் முகத்தை மட்டும் சேர்ப்பான். அவன் வரைந்த பெண்களுக்கெல்லாம் ஒரே கை.

என் வீட்டுச் சுவரில் தொங்கும் மனைவியின் படமும் அப்படித்தான். ஆதார் அட்டையில் இருந்த முகத்தை எடுத்து, பட்டுச்சேலை கட்டிய யாரோ ஒருத்தியின் உடம்பில் சேர்த்துக் கொடுத்திருந்தார் ஸ்டூடியோக்காரர். வளையல் போட்ட வழவழப்பான கை. என் மனைவி மீன் வெட்டியவள். திருக்கை மீனின் முள் குத்தி அவளுடைய ஆள்காட்டி விரல் வளைந்தே நின்றுவிட்டது.

பிறகு ஒருநாள் சென்னைப் பெண் விளக்கைப் படத்தருகே பிடித்துக் காட்டினாள். இதில் மட்டும் பழைய கையைச் சுரண்டிவிட்டு வேறு கை வரைந்திருந்தான். கட்டைவிரல் நகம் நசுங்கிய கை. இந்த ஊரில் காய்ச்சலில் செத்துப்போன தன் மனைவி என்று படத்தின் பின்னால் அவன் மொழியில் எழுதியிருக்கிறதாம்.

அன்று சாயந்தரமே ஸ்டூடியோவுக்குப் போனேன். கையை மாற்ற வேண்டும் என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

"ஏன் அண்ணாச்சி, இதே கையோடதான் பாதி ஊரு மோட்சத்துக்குப் போயிருக்கு. யாரும் திரும்பி வந்து குறை சொல்லல" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "மதினி கை தெரியுத மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க. மாத்திருவோம்."

வீட்டில் இருந்த எல்லாப் படங்களையும் கட்டிலில் பரப்பினேன். மகள் கல்யாணம், பேரனின் ஞானஸ்நானம். எல்லாவற்றிலும் அவள் கை முந்தானைக்குள் இருந்தது. படம் எடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "கையை எடுத்துராதிய, அசிங்கமா இருக்கு."

விரல் எந்தக் கணுவில் வளையும், எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வரையத் தெரியாது.

இப்போது பூக்காரம்மாவிடம் மாலையை நீளமாகக் கட்டச் சொல்கிறேன். அந்தக் கை மறைந்துவிடுகிறது.