மொட்டை மாடியில் காய்ந்த துணி

தங்கும் விடுதிக்குப் போன வெள்ளை விரிப்புகள் மூட்டையோடு திரும்பி வந்தன. மங்கலாக இருக்கிறதாம், விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்களாம். லாண்டரியை நடத்திவந்த பெரியவளுக்குச் சுருக்கென்றது. அவள் கணவனும் அவன் தம்பியும் வண்டியில் துணி எடுத்து வருவார்கள். துவைக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு, அலசி மாடியில் உலர்த்துவது கொழுந்தன் மனைவி சின்னவளின் பொறுப்பு. எனவே பழி யார் தலையில் விழும் என்பதில் சந்தேகமே இல்லை.

அலசச் சோம்பல்படுகிறாள் என்று பெரியவள் பொரிந்து தள்ளினாள். சின்னவள் மாடிக் காற்று சரியில்லை என்று ஏதோ சொல்ல வந்தாள்; அதற்குள் இருமல் முந்திக்கொண்டது. “வேலைன்னு சொன்னா போதும், உனக்கு இருமல் எங்கிருந்துதான் வருமோ” என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை சின்னவளால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. நெஞ்சு விசில் அடித்தது. கணவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். துணி காத்திருக்குமா? முட்டிவலியைத் திட்டிக்கொண்டே பெரியவள் தானே அலசி, வாளியோடு மாடியேறினாள்.

அவள் மேலே வந்து வருஷக்கணக்காகிவிட்டது. காலி மனையாக இருந்த இடத்தில் கட்டடங்கள் எலும்புக்கூடாய் எழும்பிக்கொண்டிருந்தன. புது மேம்பாலம் கைப்பிடிச் சுவரை ஒட்டினாற்போல் ஓடியது. லாரிகள் அவள் முகத்துக்கு நேராகப் புகையை ஊதிவிட்டுப் போயின. கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைத்தாள். துணி அடுப்புக்கரி பட்டதுபோல் கறுத்தது. அவள் கையாலேயே அலசிய விரிப்புகள் மாலைக்குள் சாம்பல் பூத்து நின்றன. தொண்டை கரகரத்தது. அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கியவள் நேரே சின்னவளின் அறைக்குப் போனாள். அவள் தலையணையில் சாய்ந்து மூச்சுமருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ சரியாத்தான் அலசியிருக்க.”

“அதைத்தான் அக்கா சொல்லிட்டே இருந்தேன்.”

“சொன்ன. நான்தான் கேக்கல. இனிமே நீ மாடிக்குப் போகவேண்டாம்.”

கீழே பின்னறையைக் காலிசெய்து, உலர்த்தும் இயந்திரம் வைத்தார்கள். கரன்ட் பில்லை நினைத்து அண்ணனும் தம்பியும் முனகியதைப் பெரியவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருப்பது ஒரே இயந்திரம், துணி ஒருநாள் தாமதமாகத்தான் வரும் என்று வாடிக்கைக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியனுப்பினாள். சிலர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். விடுதிக்காரர் மட்டும் வெள்ளையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சின்னவள் இஸ்திரி மேசைக்கு வந்தாள். இழுப்பு குறைந்தது, விட்டுப்போகவில்லை. ஜன்னல் வழியாக வருவதும் அதே காற்றுதானே. வீட்டை மாற்றினால் நல்லது என்றார் டாக்டர். சின்னவளை மட்டும் அவள் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் விடலாமா என்று அவள் கணவன் தயங்கிக் கேட்டபோது, பெரியவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

“போனா எல்லாரும் சேர்ந்துதான் போறோம்.”

அன்றிலிருந்து ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பெரியவளும் சின்னவளும் பஸ்ஸேறி வீடு பார்த்தார்கள். போன பக்கமெல்லாம் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் தூசி புகை இல்லாத ஓரிடம் இருப்பதாகக் கண்டக்டர் சொன்னார். பெரியவள் முந்தானையால் சின்னவளின் மூக்கை மூடிவிட்டு, கடைசி நிறுத்தத்துக்கே டிக்கெட் கேட்டாள்.